தோர்கில்டின் பிணமுள்

டென்மார்க்கின் நாக்ஸ்கோவ் ஊரில் யார் செத்தாலும் தோர்கில்ட்தான் பெட்டி கொண்டுவருவார். அறுபது வயது. பாதம் சின்னது என்று ஒரு கர்வம். அதனால் கறுப்புப் பளபளப்பு ஷூவை ஒரு அளவு குறைத்தே வாங்குவார். வலது கால் சுண்டுவிரலில் ஆணி முளைத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

டேனிஷ்காரர்கள் கால் ஆணியை ‘லிக்டோர்ன்’ என்பார்கள். ‘லிக்’ என்றால் பிணம், ‘டோர்ன்’ என்றால் முள். பிணப்பெட்டிக்காரனுக்குப் பிணமுள் வந்தால் ஊர் சும்மா இருக்குமா?

“பிணத்தோடயே புழங்கினா வேறென்னடா முளைக்கும்? ரோஜாவா?” என்பான் கசாப்புக்கடை வால்டெமார். தினமும் அதே கேலி. தினமும் அவனே முதலில் சிரிப்பான்.

தோர்கில்டும் பொறுத்துக்கொண்டார். சர்க்கரை ஆலை மேஸ்திரியின் சவ ஊர்வலத்தில்தான் மானம் போனது. தேவாலயப் படியில் விரல் சுருக்கென்று குத்த, அவர் ஒற்றைக்காலில் துள்ளினார். தோளில் இருந்த பெட்டி சாய்ந்தது. “உயிரோட இருந்தப்பவும் அந்த ஆளு நேரா நடந்ததில்ல,” என்றாள் விதவை. பாதிரியார் இருமுவதுபோல் சிரித்தார்.

மறுநாளே கால் வைத்தியம் பார்க்கும் வீபெக்கேயிடம் போனார். கத்தியால் ஆணியைச் சீவிக்கொண்டிருந்தவளிடம் ஊர் கேலியைச் சொல்லிப் புலம்பினார்.

“இதுக்குப் போயா? பேரு பிடிக்காம நிறைய பேர் சண்டைக்கு வந்தாங்க. அகராதியை எடுத்துப் பாத்துட்டேன். அந்தக் காலத்துல ‘லிக்’னா வெறும் உடம்புதான். உசுரு இருந்தாலும் லிக், இல்லாட்டியும் லிக். அப்புறம்தான் செத்தவங்க மட்டும் அந்த வார்த்தையைச் சுருட்டிக்கிட்டாங்க.”

“அப்போ இது உடம்புமுள்ளா?”

“ஆமா. ஷூவைப் பெருசா வாங்குங்க.”

செருப்புக் கடைக்குப் போகும் வழியிலேயே தோர்கில்ட் கசாப்புக்கடைக்குள் நுழைந்தார். வரிசையில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள்.

“வால்டெமார், நீ ஒரு லிக்.”

வால்டெமாரின் கத்தி நின்றது. “என்னடா சொல்ற?”

“பழைய டேனிஷ்ல அப்படித்தான். அளவு எடுத்துக்கட்டுமா? தோள்ல கொஞ்சம் அகலம் ஜாஸ்தி வேணும்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் பன்றித் தொடை தொங்கிய கொக்கிகூட ஆடியது. வால்டெமார் மட்டும் வெளுத்துப்போனான். பிணப்பெட்டிக்காரன் தன்னை மேலும் கீழும் பார்த்தது அவன் மனதைவிட்டுப் போகவில்லை. அந்த வாரமே டாக்டரிடம் ஓடினான். கொழுப்பு ஏறியிருக்கிறது, பன்றி வறுவலை நிறுத்து என்றார் டாக்டர்.

தோர்கில்டுக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை அவனைத் துறைமுகத்துக்கு இழுத்துப்போய், புகைபோட்ட விலாங்கு மீனும் ஸ்னாப்ஸ் சாராயமும் வாங்கிக்கொடுத்தார்.

“விலாங்கும் கொழுப்புதான்டா,” என்றான் வால்டெமார், இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே.