அம்மாவின் பாவம்

இளையோர் குழுப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள். "வேலைக்கு நடுவுல, செபத்துல மனசே நிக்க மாட்டேங்குது" என்றாள் ஒருத்தி. அவர்களோடு உட்காரக் கூச்சப்பட்டு, நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் அடிப்பிடித்த வாசனை எழுந்தது.

அந்த வாசனையிலேயே நினைவில் அம்மா வந்துவிட்டாள். நான் சிறுமியாக இருந்தபோது, விறகுப் புகைக்குள் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவாள். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே... ஏண்டி, பால் பொங்குது பாரு... வாழ்க!"

மாதாவை நடுவில் நிறுத்திவிட்டு என்னைத் திட்டுகிறாளே, நரகத்துக்குப் போய்விடுவாளோ என்று பயந்தேன். முதல் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தை விட்டுவிட்டு அவளுடையதைச் சொல்லி அழுதேன். சாமியார் சிரித்தார். "மாதா வீட்லயும் ஒரு புள்ள இருந்துச்சுல்ல? அவங்களுக்குத் தெரியும்த்தா."

அன்று சாயங்காலம் செபமாலைக்கு நடுவே அம்மா திட்டத் திட்ட, நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

"பாட்டி, பால் கருகுது! தூங்கிட்டீகளா?" கூடத்திலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள்.

"இல்லத்தா, செபத்துல இருந்தேன்."