தூக்கக் கூடாது

லிஃப்ட் இல்லாத கட்டடம் என்றால் கேஸ் சிலிண்டர் போடுகிற மற்ற ஆட்கள் முகம் சுளிப்பார்கள். சிலிண்டர்காரர் மட்டும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார், முழு சிலிண்டரை ஒரே தம்மில் ஏற்றிக்கொள்வார், மேல்மாடி வரைக்கும் எங்கேயும் இறக்கி வைக்காமல் போய்ச் சேருவார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த வேலை. காய்ச்சல், தலைவலி என்று ஒருநாள் படுத்தவர் இல்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் மனைவி மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஏழாம் மாதத்தில் திடீரென்று உதிரப்போக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், பிரசவம் வரைக்கும் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். துணைக்கு அவள் தங்கை போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் மிச்சம் இருந்தது நான்கு வயது மகளும், இன்னும் நடை வராத மகனும். மகள் வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவள் பெயர் சில்வண்டு. மகன் பிறந்ததிலிருந்தே குண்டு. சிலிண்டர்காரர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தார்.

"தனியா சமாளிச்சுடுவீங்களா?" என்று மனைவி படுத்தபடியே கேட்டபோது அவர் சிரித்தார். "ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கினாலும் ஒரு காலி சிலிண்டர் வெயிட்டு வராது. நீ உன் வேலையப் பாரு."

முதல் வாரம் சமாளித்தும்விட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, குண்டுவைக் குளிப்பாட்டுவதற்காகக் குளியலறைத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அறைக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் குழந்தையின் சாக்ஸ் ஒன்று கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தார்.

முதுகின் அடியில் எதுவோ படீரென்று விட்டுப்போனது. கத்தக்கூட மூச்சு இல்லை. முழங்கால் மடிந்து, கை ஊன்றி, அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். வலி இடுப்பிலிருந்து இடது தொடை வழியாகக் குதிகால்வரை நெருப்பாக இறங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு புரண்டு, நாலு காலில் எழப் பார்த்தார்.

"ஐ, குதிரை!" என்று ஓடிவந்து சில்வண்டு அவர் முதுகில் ஏறிக் குதித்தாள்.

அவர் போட்ட அலறலில் குண்டு கையிலிருந்த டப்பாவைக் கீழே போட்டான்.

"எறங்குடி சனியனே!"

அவள் இறங்கினாள். பிறந்ததிலிருந்து அப்பா வாயில் அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. உதடு பிதுங்கியது. ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அவருக்கு அதைப் பார்க்க நேரமில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் குண்டுவின் காதில் விழுந்துவிட்டது. தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். கதவு திறந்து கிடக்க, தொட்டி நிரம்பி வெளியே வழிந்துகொண்டிருக்க, அவன் சிரித்துக்கொண்டே தவழ ஆரம்பித்தான். அப்பனைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது சிலிண்டர்காரர் கையை வீசி அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டார். அந்த வீச்சில் முதுகு இரண்டாகப் பிளந்தது போலிருந்தது. பிடியை மட்டும் விடவில்லை.

குண்டு இழுத்தான், திமிறினான், முகம் சிவக்க வீறிட்டான். முழு சிலிண்டரை விரலால் சுழற்றியவருக்கு அந்தப் பத்துக் கிலோவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வியர்வையில் சட்டைத் துணி வழுக்கியது.

"சில்வண்டு, இங்க வாம்மா."

"நான் உன்கூடப் பேச மாட்டேன்" என்றது திரை.

"பேச வேணாம். பேசாம வந்து பாத்ரூம் கதவைச் சாத்திட்டுப் போ."

"நீ என்னை சனியன்னு சொன்னே."

"தப்பு. நான்தான் சனியன். பெரிய சனியன். கதவைச் சாத்துடா தங்கம்."

"சாரி சொல்லு."

"சாரி."

"கத்தாம சொல்லு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, குரலைத் தாழ்த்தினார். "சாரிடா கண்ணு."

திரை விலகியது. அவள் போனாள். ஆனால் கதவைச் சாத்தாமல் உள்ளேயே நுழைந்துவிட்டாள். "தண்ணிய வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஈரத் தரை, வழுக்கும் சோப்பு நுரை. அவர் வாயைத் திறக்கவில்லை. கத்தினால் பயந்து வழுக்கி விழுவாள். குழாய் கிறீச்சிட்டது. தண்ணீர்ச் சத்தம் குறையவே இல்லை. என்னவோ தொப்பென்று விழுந்தது.

"ஷாம்பு விழுந்துடுச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே கவுன் நனைய அவள் வெளியே வந்தாள். இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள். அவர் சட்டையை விட்டார். விரல்கள் விரியவே இல்லை. ஒவ்வொன்றாகத் தரையில் அழுத்தி நிமிர்த்த வேண்டியிருந்தது.

போன் ஃப்ரிட்ஜின் மேல் சார்ஜில் கிடந்தது. பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது என்று அவரே வைத்தது. முழங்கையால் உடம்பை இழுத்து இழுத்து அவர் கூடத்தைக் கடந்தார். நடுவில் முட்டிக்கொண்டு வந்த சிறுநீரை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. நாற்பது வயது ஆள், மகள் பார்த்துக்கொண்டிருக்க, கால்சட்டையோடு போய்விட்டார்.

சில்வண்டு குனிந்து பார்த்தாள். "அப்பா, நீயும் போயிட்டியா?" என்றாள். ஓடிப்போய்த் தம்பியின் டயப்பர் ஒன்றைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தாள். "பரவாயில்ல. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் அவர் அழுதார்.

சார்ஜர் வயரை எட்டிப் பிடித்து இழுத்ததும் போன் கன்னத்து எலும்பில் வந்து விழுந்தது. வேலையில் அவரோடு லோடு வண்டி ஓட்டும் இளைஞனைக் கூப்பிட்டார். காலி ரோட்டிலும் ஹாரன் அடிக்கிற பழக்கத்தால் அவனுக்கு ஹாரன் என்றே பெயர்.

"என்னண்ணே, ஒரு வாரத்துலயே வீடு போரடிச்சுடுச்சா?"

"டேய், என்னால எந்திரிக்க முடியல."

"ஏன், பிள்ளைங்க ரெண்டும் சேந்து அடிச்சுட்டாங்களா?"

அழுகையை அடக்குகிற மூச்சு மட்டும் கேட்டது. ஹாரன் அதற்குப் பிறகு ஜோக் அடிக்கவில்லை. வண்டியை எங்கே நிறுத்தினான், எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. வந்தவனுக்குக் கதவு திறக்கவில்லை. மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. சிலிண்டர்காரர் கதவுவரை ஊர்ந்துபோய், துடைப்பக் கட்டையால் அதை முட்டி முட்டிப் பார்த்தார். கடைசியில், "பாப்பாவத் தள்ளி நிக்கச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஹாரன் கதவை உதைத்தான். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் கட்டையோடு பெயர்ந்தது.

அவன் உள்ளே வந்தான். முதலில் அவரைத் துடைத்து வேறு துணி கட்டிவிட்டான். அப்புறம்தான் குழாயை மூடினான்.

ஹாரன் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டிஸ்க் விலகி நரம்பை அழுத்துது. ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது."

"வேலைக்கெல்லாம் இப்ப போகலம்மா. வீட்டுல பிள்ளைங்களோடதான் இருக்கேன்."

"பிள்ளைங்களையும்தான் சொல்றேன்."

"சின்னவன் இன்னும் நடக்கலயே."

"வேற யாரு இருக்கா வீட்டுல?"

அவர் சொன்னார். டாக்டர் வலிக்கு ஊசி போட்டார், மாத்திரை எழுதினார். மற்றதற்கு எழுத அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகு அந்த வீடு தரைக்கு இறங்கியது. மெத்தையைக் கீழே போட்டார்கள். பால் ஃபிளாஸ்க், ரொட்டி, வாழைப்பழம், டயப்பர் கட்டு, ஈரத்துணி எல்லாம் சுவரோரமாக அவர் கைக்கெட்டும் தூரத்தில். சமையலறை வாசலிலும் குளியலறை வாசலிலும் ஹாரன் பலகை வைத்து அடைத்தான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து குளிப்பாட்டி, துணி துவைத்து, சாப்பாடு வைத்துவிட்டுப் போவான். நடுவிலே இருக்கிற பகல்தான் மலை.

படுத்தபடியே டயப்பர் மாற்றக் கற்றுக்கொண்டார். குண்டு பாதியில் புரண்டு தவழ ஆரம்பிப்பான். பிடிக்கப் போனால் இடுப்பில் கத்தி சொருகும். சோறு ஊட்டினால் பாதி அவர் நெஞ்சில். சில்வண்டுதான் அவருக்குக் கால். "அதைக் கொண்டா, இதைக் கொண்டா" என்று சொல்லிச் சொல்லி ஒருநாள் மத்தியானம் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் காலுக்கும் வலிக்குதுப்பா" என்றாள். அவர் அதற்குமேல் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மாத்திரையை வறண்ட தொண்டையில் விழுங்கினார்.

மனைவியிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு அவள் கூப்பிடும்போது, நின்றுகொண்டு பேசுகிறவர் மாதிரி குரலை வைத்துக்கொள்வார்.

"என்னங்க, மூச்சு வாங்குது?"

"இவன் பின்னால ஓடுறேன்ல."

"குண்டுவ ஒரு நிமிஷம் தூக்கிக் காட்டுங்களேன்."

"வீடியோ சரியா வரல இன்னிக்கு."

இரண்டாம் வாரத்தில் குண்டுவுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். காலையிலிருந்து அழுகை. பால் வேண்டாம், பொம்மை வேண்டாம், படுக்க வேண்டாம். தூக்க வேண்டும், அவ்வளவுதான். மெத்தை ஓரத்தில் நின்று, சுவரைப் பிடித்தபடி, ஒரு கையை அவரை நோக்கி உயர்த்தி உயர்த்தி அழுதான். குரல் கம்மிப்போயும் கை இறங்கவில்லை. ஹாரன் போனை எடுக்கவில்லை; எந்த மாடியில் ஏறிக்கொண்டிருந்தானோ. அவர் பாடிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், நெஞ்சில் ஏற்றிப் படுக்கவைத்தும் பார்த்தார். கடைசியில், ஆனது ஆகட்டும் என்று சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டி போட்டு, அவனைத் தூக்கித் தோளில் சாய்த்தார்.

அழுகை சட்டென்று நின்றது. சூடான நெற்றி கழுத்தில் அழுந்தியது. அவர் அப்படியே இருந்தார். இறக்கி வைக்கும்போது இடது பாதம் அவருடையதாக இல்லை. கிள்ளினார், தெரியவில்லை. விரலை அசைக்கப் பார்த்தார், அசையவில்லை. இந்தக் கால் இனி வராது என்று நினைத்தார். மூன்று பிள்ளைகள், படுத்த பொண்டாட்டி, படுத்த புருஷன். தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார். ஒருமுறை, இரண்டுமுறை. சில்வண்டு பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்துதான் நிறுத்தினார்.

போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. சில்வண்டு எடுத்தாள்.

"அம்மா, அப்பா சுவத்துல முட்டிக்கிறாங்க. அப்பாவுக்கு நடக்கத் தெரியல. தம்பி மாதிரி தவழ்ந்துதான் போவாங்க. ரொம்ப நாளா."

"அப்பா காதுல வை" என்றாள் மனைவி.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க."

சொன்னார்.

"தங்கச்சிய இப்பவே அனுப்புறேன்."

"பைத்தியமா உனக்கு? அங்க உன்னை யாரு பாக்குறது?"

"இங்க கூப்பிட்டா நர்ஸ் வருவாங்க. அங்க கூப்பிட்டா யாருங்க வருவா?"

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா மட்டும் நான் இங்க நிம்மதியாப் படுத்திருப்பேனா? கத்தாதீங்க. என்னையும் கத்த வைக்காதீங்க. நான் கத்தக் கூடாது."

மச்சினி பொழுது சாய்வதற்குள் பையோடு வந்து நின்றாள். கூடத்தையும் மெத்தையையும் அவரையும் பார்த்தாள். "மாமா, இதை எங்ககிட்ட மறைச்சு என்ன சாதிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குண்டுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் அவள் தோளில் விழுந்ததும் தூங்கிப்போனான்.

அவருக்கு நிம்மதி வரவில்லை. அன்று முதல் போனைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மனைவி தனியாகக் கிடந்தாள். பயந்தது போலவே நாள் நெருங்குவதற்கு முன்பே வலி வந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. அடுத்த கட்டில் பெண் போட்ட சத்தத்தில்தான் நர்ஸ் ஓடிவந்தார்கள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். உள்ளங்கையளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். போனில் வந்த படத்தைச் சிலிண்டர்காரர் மெத்தையில் படுத்தபடி பார்த்தார். மூக்கில் குழாய். இரண்டு பேரும் பிழைப்பார்களா என்று கேட்க நாக்கு எழவில்லை. ஹாரன்தான் கேட்டுச் சொன்னான்.

பிழைத்தார்கள். தாயும் மகளும் வீட்டுக்கு வந்த நாளில் அவர் கைத்தடியோடு வாசல்வரை நடந்துபோய் நின்றார். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பாதியா ஆயிட்டீங்க" என்றாள்.

கால் முழுதாகத் திரும்பவில்லை. கட்டைவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது. சிலிண்டர் தூக்குகிற வேலை போனது. இப்போது குடோனில் உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுக்கிறார். மழை நாளில் இடுப்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

குண்டு இப்போது ஓடுகிறான். சாயங்காலம் களைத்துப்போனால் அம்மாவிடம் போய்க் கையை உயர்த்துவான். சித்தியிடம் உயர்த்துவான். ஹாரன் வந்தால் அவன் வாசல்படி ஏறுமுன்பே உயர்த்துவான். அப்பாவிடம் வந்தால் மட்டும் கையை உயர்த்துவதில்லை. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்கிறான், அவரும் இறங்கி உட்காருவார் என்று. யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

சிலிண்டர்காரர் சுவரைப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து, மெதுவாக இறங்குகிறார். அதற்கு நேரமாகிறது. பையன் காத்திருக்கிறான்.