மறுத்தவர் பட்டியலில் ஜானட்

டிசம்பர் இருபது தாண்டிவிட்டால் டோல்கேட் பக்கத்துக் கூரியர் கிடங்கில் எள் போட்டால் எள் விழாது. மற்ற நாளில் எண்ணூறு பார்சல் வருகிற இடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வரும். கழிப்பறைக் கதவு வரைக்கும் மூட்டை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் வேன் வந்து சேரவே பத்து மணியாகும். தலைமை அலுவலகத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? சாயங்காலம் ஆறு மணிக்குள் பட்டியலில் ஒரு பார்சல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் போனில் கூப்பிட்டுக் காய்ச்சி எடுப்பார்கள். அந்தப் போனை எடுக்கிற புண்ணியம் ஜானட்டுடையது.

ஜானட்டுக்கு நாற்பத்தொன்பது வயது. ராயபுரம் பனைமரத்தொட்டியில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தாமஸைக் கட்டிக்கொண்டு, அதே தெருவிலேயே குடியிருப்பவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே மூட்டை பிரிக்கச் சேர்ந்தாள். பழைய நம்பர், புது நம்பர் என்று நகரமே குழம்பிக் கிடந்தாலும், விலாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தச் சந்து என்று சொல்லிவிடுவாள். இப்போது, கொடுக்க முடியாமல் திரும்பிப் போகிற பார்சல்கள் அவள் பொறுப்பு.

பண்டிகைக் கூட்டத்தைச் சமாளிக்க நிறுவனம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகளை வாடகைக்கு எடுத்தது. இரண்டே நாள் பயிற்சி கொடுத்துப் புது ஆட்களை இறக்கியது. மிச்சத்தை ஜானட் தன் மூளையால் சமாளித்தாள். வீடு பூட்டியிருந்தால், பூட்டின கதவைப் போட்டோ எடுக்க வேண்டும், இரண்டு முறை போன் போட வேண்டும், மறுநாள் மறுபடியும் போக வேண்டும். ஆனால் செயலியில் 'வாங்க மறுத்தார்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரே அமுக்கு. பார்சல் பட்டியலை விட்டுப் போய்விடும், அனுப்பியவருக்குத் தகவலும் போய்விடும். தீபாவளி நெருக்கடியில் அவள்தான் அந்த வழியைக் காட்டினாள்; புதிதாக வருகிறவனுக்கெல்லாம் அதையே சொன்னாள்.

"வூட்ல ஆள் இல்லியா, போனும் எடுக்கலியா, மறுத்துட்டாங்கன்னு போட்டுட்டுப் போய்க்கினே இரு. ஆபத்துக்குப் பாவமில்ல."

பையன்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு ஏறி இறங்குகிறவனுக்கு நியாயம் பேச மூச்சு மிஞ்சாது.

வீட்டில் ஜானட்டுக்கு ஒரே பெண், ஷெர்லின். இரண்டு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற இடத்தில் ரோஷன் என்ற பையனைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று ஞாயிறு மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஊரைக் கூட்டி நடத்த வேண்டிய கல்யாணம். மாலையும் கழுத்துமாக இருவரும் வாசலில் வந்து நின்றபோது ஜானட் கதவைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் நின்றார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு பேச்சு இல்லை, மகள் நம்பரையும் மாற்றிவிட்டாள். தன் பிடிவாதத்தை நினைத்து ஜானட் எத்தனையோ பூசையில் அழுதிருக்கிறாள். ஆனால் யாரிடம் போய் நம்பர் கேட்பது? வறட்டு கௌரவம் விடவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி மூன்று மணிக்கு, திரும்பிப் போகிற சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு வேன் போய்விடும். கையில் எடுத்த ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் தன் பெயரைப் பார்த்தாள். ஜானட் தாமஸ், பனைமரத்தொட்டி. அனுப்பியவர்: ஷெர்லின் தாமஸ், சிங்காநல்லூர். கல்யாணத்துக்குப் பிறகும் அப்பன் பெயரை விடவில்லை பெண். மேலே சிவப்புச் சீட்டு: வாங்க மறுத்தார்.

அதை ஒட்டியவன் அன்பரசன். சேர்ந்து ஐந்து நாள்தான் ஆகிறது.

"இந்த வூட்டாண்ட போனியா?" என்று கேட்டாள்.

"போனேன்க்கா. பூட்டிக் கெடந்துச்சு. பெட்டி மேல கீற நம்பருக்கு அடிச்சேன், எடுக்கல. நீங்க சொன்ன மாரிதான்க்கா போட்டேன்."

அது தாமஸின் நம்பர். அம்மாவிடம் பேசத் துணியாமல் அப்பா நம்பரைக் கொடுத்திருக்கிறாள். கிரேன் மேல் இருக்கிறவன் போனை எங்கே எடுப்பான்? ஜானட்டும் காலையிலிருந்து இங்கேதான் கிடக்கிறாள்.

"உன் மேல தப்பு இல்ல, போ," என்றாள். ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் ஷெர்லினின் போனுக்கு மத்தியானமே தகவல் போயிருக்கும். அம்மா மறுபடியும் கதவைச் சாத்திவிட்டாள் என்றுதானே அந்தப் பெண் நினைத்திருக்கும்? சாக்கில் இன்னும் நாற்பது பார்சல் கிடந்தன. அவற்றின் பின்னால் யார் யார் மனம் உடைந்ததோ என்று அவளுக்கு முதல்முறையாக உறைத்தது, வெட்கமாக இருந்தது.

பெட்டியில் மகளின் புது நம்பர் இருந்தது. அதற்கு அடித்தாள். எதிர்முனையில் "ஹலோ" கேட்டதும் பன்னிரண்டு வருஷப் பழக்கம்தான் வாயில் வந்தது.

"வணக்கம், கூரியர் ஆபீஸ்லேர்ந்து பேசறோம்."

அம்மாவின் குரல் மகளுக்குத் தெரியாதா?

"இன்னாத்துக்கும்மா கூப்புடற? அதான் வேணாம்னு திருப்பிட்டியே," என்றாள் ஷெர்லின்.

"நான் திருப்பலடி. வூடு பூட்டிக் கெடந்துச்சு. ஆள் இல்லாத வூட்டுக்கெல்லாம் மறுத்துட்டாங்கன்னு போடச் சொன்னவ நான்தான். அது என் தலைலியே வந்து வுழுந்துச்சு."

"அன்னிக்கு நாங்க வாசல்ல நின்னப்போ? அன்னிக்கும் வூடு பூட்டிக் கெடந்துச்சா?"

பொய் சொல்ல ஜானட்டுக்கு மனம் வரவில்லை.

"இல்ல. கதவுக்கு இந்தாண்டதான் நின்னுகினு இருந்தேன். அன்னிக்கு மறுத்தது நான்தான். தப்பு என் மேலதான்டி."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இப்ப இன்னா பண்ணணும்?"

"மறுத்தத எடுக்கணும்னா அனுப்பினவங்கதான் சரின்னு சொல்லணும். உன் போனுக்கு நாலு நம்பர் வரும், அத்த சொல்லு. வேன் நிக்குது." ஜானட் கணினியில் விண்ணப்பத்தை அனுப்பினாள். பிறகு, கேட்பதற்கே பயந்துகொண்டு கேட்டாள். "கிறிஸ்துமஸுக்கு அவரையும் கூட்டிக்கினு வர்றியா?"

அதற்குப் பதிலாக நம்பர்தான் வந்தது.

"நாலு. ஒண்ணு. ஏழு."

ஜானட் மூன்றையும் தட்டிவிட்டு நாலாவதுக்குக் காத்திருந்தாள். வேன்காரன் ஆரன் அடித்தான்.

"கதவத் தொறப்பியாம்மா?"

"தொறந்தே வெச்சிருப்பேன்டி."

"ரெண்டு," என்றாள் ஷெர்லின்.