மெஷின் போன ரூம்

திங்கட்கிழமை சாயங்காலம் என் காலி ரூமின் ஷட்டர் முன்னால் முத்துலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறவள்.

"அண்ணாச்சி, அந்த ஏடிஎம் மெஷினு திரும்ப வருமா?"

"வராது தாயி."

சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் முக்கில் இருந்த ஒரே மெஷின் அது. கட்டடம் யாருடையது? என்னுடையதுதான். அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன் ஏலக்காய் மூட்டை சுமந்து கட்டியது. மூணு ரூம். மெஷின் போகும்வரை ஒருநாள்கூட எதுவும் காலியாகக் கிடந்ததில்லை — இதைச் சொல்லாமல் எந்த வாரம் விட்டிருக்கிறேன்?

போன மாதம் மெஷினைக் கழற்ற வந்த மலையாளிப் பையன் சொன்னான்: "சேட்டா, ஒருத்தர் பணம் எடுத்தா மெஷின் கம்பெனிக்கு பீஸ் இவ்வளவுதான்னு கவர்மெண்டுல வரம்பு வச்சிருக்காங்க. இங்க எடுக்கிற ஆளும் கம்மி. கரண்டுக்கே காணாது."

பீஸுக்கு வரம்பு என்று கேள்விப்பட்டபோது டீக்கடையில் முதலில் மெச்சியவன் நான். ஏழைக்கு நல்லது என்றுதானே யாரும் நினைப்போம்...

முத்துலட்சுமியின் கூலி பேங்கில் விழும். அன்றன்றைக்கு அரிசிக்கு மட்டும் எடுப்பாள். மிச்சம் மகளின் நர்சிங் படிப்புக்கு. வீட்டில் வைத்தால் புருஷன் வேலு லாட்டரிச் சீட்டு வாங்கிவிடுவான். அரிசிக் கடைக்குப் போனிலேயே பணம் அனுப்பலாமே என்பீர்கள். வீட்டுக்கு ஒரே போன். அதுவும் வேலு கையில்.

இப்போது பணம் எடுக்க சாந்தன்பாறைக்குப் பஸ் ஏற வேண்டும். பாதி நாள் கூலி போகும். அதனால் போன வாரம் மகளின் படிப்புப் பணத்தையும் சேர்த்து மொத்தத்தையும் எடுத்து வந்து அரிசி டின்னுக்குள் வைத்தாள். ரெண்டாம் நாள் டின்னில் அரிசி மட்டும் இருந்தது.

"ஒரு சீட்டாச்சும் விழுந்துச்சா?" — கேட்டிருக்கக் கூடாது.

"விழுந்திருந்தா ஒங்க கட்டடத்தையே வெலைக்குக் கேட்டிருப்பாரே, அண்ணாச்சி."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"புள்ள?"

"இன்னிக்கு எங்கூட காய் எடுக்க வந்துட்டா. கை வேகமா இருக்குன்னு கங்காணி மெச்சுறாரு." ஷட்டரைக் கைகாட்டினாள். "மெஷினுக்காரங்ககிட்ட சொல்லிப் பாருங்க. கூடக் கொஞ்சம் பிடிச்சாக்கூடப் பரவால்ல."

கூலிக்காரி தானாக வந்து கூடுதல் பீஸ் கட்டுகிறேன் என்கிறாள். வரம்பு வைத்தவர்களுக்கு இதை யார் போய்ச் சொல்வது?

மறுநாளே அந்த ரூமைக் கேட்டு ஓர் ஆள் வந்தார். மெஷின்காரர்களை விட அதிக வாடகை, கையில் அட்வான்ஸ். என்ன கடை என்று கேட்டேன்.

லாட்டரிக் கடை.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரூம் காலியாகக் கிடக்கிறது. கிடக்கட்டும்.