பாலூருக்குப் போட்ட பை

திருமுக்கூடல் செல்லாயி விடிவதற்குள் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, பழையசீவரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுவாள். தாம்பரத்தில் ஒரு கம்பெனியைப் பெருக்கித் துடைக்கும் வேலை. புருஷன் செத்துப் பல வருஷம். மகள் ஓசூரில். வீட்டில் பேச ஆள் கிடையாது. பேச்செல்லாம் ரயிலில்தான்.

லேடீஸ் பெட்டியில் யாருக்கும் பேர் இல்லை. ஏறுகிற ஸ்டேஷன்தான் பேர். செல்லாயி சீவரம். அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவள் பாலூர். சீவரம் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். பாலூர் வந்து உட்காருவாள், இட்லியைப் பங்கு போடுவாள், மருமகளைத் திட்டுவாள், செல்லாயி தோளில் சாய்ந்து தூங்குவாள். இப்படியே பல வருஷம்.

பொங்கலுக்குப் பிறகு பாலூர் வரவில்லை. செல்லாயி பை போடுவதை நிறுத்தவில்லை.

"இன்னா சீவரம், மனுசங்க நிக்கிறாங்க, பை ஜம்முனு குந்திக்கினு கீது. அதுக்கும் சீசன் டிக்கெட் எட்த்துட்டியா?" என்றாள் வாலாஜாபாத். பெட்டியே சிரித்தது.

"பாலூர் வந்துடும்."

"வந்துச்சு போ!"

ஒருநாள் செல்லாயி பாலூரில் இறங்கிவிட்டாள். வேலைக்குப் போகாவிட்டால் காண்டிராக்டர் கூலி தரமாட்டான். போகட்டும். ஸ்டேஷன் வாசல் பூக்காரியிடம் கேட்டாள்.

"யம்மா, பாலூர் வூடு எங்க கீது?"

"இன்னாது? ஊரே பாலூர்தான். ஆள் பேரு இன்னா?"

செல்லாயி கையைத் தாழ்த்தி உயரம் காட்டினாள். "குள்ளமா இருக்கும். கிண்டிக்கு வேலைக்குப் போவும். சிரிச்சா இருமும்."

"அட, பரிமளா! மருமவகூட சண்ட போட்டுக்கினு பொண்ணு வூட்டுக்கே போய்ட்டா. எந்த ஊருனு தெரியல. உனுக்கு அவ இன்னா வேணும்?"

"ரயில்ல பக்கத்துல குந்தும்."

மருமகள் வீட்டுக்கும் போனாள். "எனுக்குத் தெரியாது" என்று கதவு சாத்தப்பட்டது. அடுத்த ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்து, "பரிமளா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மறுநாளும் பை போட்டாள். பாலூர் தாண்டியதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வில்லியம்பாக்கத்தில் ஏறிய ஒருத்தி அந்த இடத்தில் வந்து விழுந்தாள்.

"என் பேரு செல்லாயி. உன் பேரு இன்னாமா?"

"பேரு எதுக்குக்கா? தாம்பரத்துல எழுப்பி வுடு, போதும்" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.