செல்வினைப் பழக்கிவிட்ட கதை

புதிதாக வருகிறவர்களைப் பழக்கிவிடும் வேலையில் ஒரு வசதி உண்டு: அவர்கள் உருப்பட்டால் அது அவர்கள் திறமை, உருப்படாவிட்டால் அது நம் குற்றம். விடுதிகளில் டூட்டராக இருந்து தலைமுடியைப் பிய்த்துக்கொண்டவர்கள் யாராவது இதை வாசிக்க நேர்ந்தால், நீங்கள் தனி ஆள் இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளுங்கள்.

நான் அப்போது ஹனோவரில், திருச்சபை நடத்தும் ஒரு கல்லூரியில் சமூகப் பணி படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். கல்லூரி விடுதியில் எல்லோரும் ஒரே குடும்பம் என்பது கொள்கை. காலையில் சேர்ந்து வழிபாடு, மாலையில் சேர்ந்து சமையல், சனிக்கிழமை சேர்ந்து கழிவறை கழுவுதல். புதியவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு டூட்டர் வேண்டும், டூட்டருக்கு அறை இலவசம். அந்த அறைக்காகத்தான் நான் விண்ணப்பித்தேன். நானோ பீலெஃபெல்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை, மேசையில் முருகன் படம். நேர்முகத்தில் இதை ஒளிக்காமல் சொன்னேன். விடுதிப் பொறுப்பாளர் பாஸ்டர் பீட்டர்சன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லது. இந்த வீட்டில் யாராவது ஒருவர் எதையாவது நம்பினால் சரி."

குப்பை அறை

அந்த ஒக்டோபரில் வந்த புதியவர்களில் திலோ என்று ஒருவன். வடகடல் பக்கம் மாடு வளர்க்கும் வீட்டுப் பையன். வாடகை மலிவு என்று வந்து சேர்ந்தவன், அதை மறைக்கவும் இல்லை. முதல் நாள் அவனுக்கு விடுதியைச் சுற்றிக் காட்டினேன். வழிபாட்டுக் கூடத்தைக் காட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குப்பை அறைக்கு அரை மணி நேரம் பிடித்தது. பிளாஸ்டிக்குக்கு மஞ்சள் பை, காகிதத்துக்கு நீலத் தொட்டி, காய்கறித் தோலுக்குப் பழுப்புத் தொட்டி, போத்தலில் வெள்ளை வேறு பச்சை வேறு. தயிர்க் கிண்ணத்து மூடியை முழுதாகக் கிழித்துப் பிரித்துத்தான் போட வேண்டும்.

மாணவர் தலைவி உல்ரிக்கே பக்கத்திலேயே நின்றாள். சபை ஊழியம் படிக்கிறவள். யார் எதை எதில் போட்டார்கள் என்று தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்கும் அதிகாரத்தை அவளே அவளுக்குக் கொடுத்திருந்தாள். திலோ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான்: "இங்கே தங்குவதற்குக் கடவுளை நம்ப வேண்டுமா, இல்லை குப்பையைப் பிரித்தால் போதுமா?"

வாசலில் சப்பாத்து

என் கதையின் நாயகன் செல்வின் வந்தது அதற்கு அடுத்த வாரம். பாளையங்கோட்டைக்காரர், என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர். வந்த நிமிடத்திலிருந்து நான் அவருக்கு 'சிஸ்டர்'. நான் சைவம் என்று சொல்லிப் பார்த்தேன். "அதனால என்ன சிஸ்டர்" என்றார்.

அவர் நிலைமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அந்தக் குளிர்காலம் முழுக்கக் கவலையாக இருந்தது அதுதான். அங்கே புதியவர்களுக்கு முதல் அரையாண்டு பரீட்சார்த்த காலம். முடிவில், பெப்ரவரியில், விடுதிக்காரர்களின் வீட்டுக் கூட்டம் கூடி, இவர் இருக்கலாமா என்று கை தூக்கும். செல்வினுடைய உதவித்தொகைக்கு இந்த விடுதியில் தங்குவதே நிபந்தனை. அறை போனால் உதவித்தொகை போகும், உதவித்தொகை போனால் விசா போகும், அப்புறம் பாளையங்கோட்டைதான். அவரை நம்பி ஊரில் அம்மாவும் படிக்கிற தங்கையும் இருந்தார்கள்.

முதல் காலை வழிபாட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றிக் கூடத்து வாசலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். ஆலயத்துக்குள் வேறு எப்படிப் போவது? மறுநாள் திலோவும் கழற்றினான், அவனுக்கு அது சுகமாக இருந்ததாம். வார முடிவில் வாசலில் சப்பாத்து மலை. உல்ரிக்கேவுக்கு ஏற்கெனவே ஒரு முழங்கால் சரியில்லை, ஹேண்ட்போல் விளையாடி வாங்கியது. அந்த மலையைக் கவனமாகத் தாண்டி உள்ளே வந்தவள் என்னிடம் சொன்னாள்: "இது கடவுளின் சந்நிதி என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீப்பிடித்தால் ஓடுகிற வழியும் இதுதான்."

மனம்விட்டு ஜெபிக்கலாம்

வழிபாட்டின் முடிவில் பாஸ்டர், "இப்போது யார் வேண்டுமானாலும் மனம்விட்டு ஜெபிக்கலாம்" என்பார். அந்த வீட்டில் அதற்கு அர்த்தம், எல்லோரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு காப்பியை நினைக்க வேண்டும் என்பது. செல்வின் பாஸ்டர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். எழுந்தார். இரண்டு கையையும் உயர்த்தினார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தமிழில் ஆரம்பித்தாரே பார்க்க வேண்டும், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜெர்மன்காரர்களுக்கு அதில் விளங்கியது தங்கள் பெயர்கள் மட்டும்தான். தன் பெயர் வரும்போதெல்லாம் ஒவ்வொருவரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். காப்பி ஆறியது, ரொட்டி காய்ந்தது, திலோ முதல் வகுப்பைத் தவறவிட்டான்.

உல்ரிக்கே நேரே என்னிடம் வந்தாள். தன் பெயர் ஏன் அத்தனை தடவை வந்தது என்று கேட்டாள். உன் முழங்கால் குணமாக வேண்டும் என்று ஜெபித்தார் என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "என் முழங்கால் என் சொந்த விஷயம். கடவுளிடம் சொல்வதற்கு முன் அவர் என்னிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும்."

பாஸ்டருக்கு ரசம்

நவம்பரில் பாஸ்டருக்குக் காய்ச்சல். சபையில் ஒருவர் படுத்துவிட்டால் வீடு தேடிப் போய் ஜெபிப்பதுதான் செல்வின் ஊர் வழக்கம். அவர் மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு பாஸ்டர் வீட்டு மணியை அடித்துவிட்டார். ஜெர்மனியில் ஒருவரைப் பார்க்க டெர்மின் வேண்டும், அதாவது முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். பல் வலித்தாலும் டெர்மின், பக்கத்து அறைக்காரியோடு தேநீர் குடிக்கவும் டெர்மின். சொல்லாமல் மணி அடிக்கிறவர் தபால்காரர், இல்லாவிட்டால் பொலிஸ்.

விஷயம் வீட்டுக் கூட்டத்துக்கு வந்தது. சத்தம், சப்பாத்து, டெர்மின் இல்லாமல் கதவைத் தட்டுவது என்று உல்ரிக்கே வரிசையாகச் சொன்னாள், பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். இப்படியே போனால் பெப்ரவரியில் கை தூக்க ஆள் இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. காய்ச்சல் விட்டு வந்திருந்த பாஸ்டரைப் பார்த்தேன், ஏதாவது சொல்லிக் காப்பாற்ற மாட்டாரா என்று. அவர் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "அடுத்த முறை ரசம் முதலில், ஜெபம் பிறகு என்று வரிசையை மாற்றச் சொல்லுங்கள். ஜெபம் முடிவதற்குள் ஆறிவிட்டது."

அம்மாவின் தீர்ப்பு

அன்றைக்கே செல்வினை உட்கார வைத்துச் சொன்னேன்: "இஞ்சை அப்பிடிச் செய்ய ஏலாது, செல்வின். மனசுக்குள்ளை கும்பிடுங்கோ. பெப்ரவரி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கோ." அவர் தலையைச் சொறிந்தார். "மனசுக்குள்ள ஜெபிச்சா நான் தூங்கிருவேன் சிஸ்டர்." சரி, தூங்கினாலும் பரவாயில்லை என்றேன்.

பீலெஃபெல்டில் இருக்கும் அம்மாவிடம் போனில் இதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டேன். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவர், தேவாலயப் பக்கம் போகாதவர். என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "சாமி கும்பிடுற கல்லூரி எண்டுதானே போர்ட் போட்டு வைச்சிருக்கினம்?" என்றார். ஓம் என்றேன். "பிறகு அந்தப் பெடியன் சாமியைக் கும்பிட்டால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

நல்ல பிள்ளை

செல்வின் திருந்தினார். அவரைப்போல் பழகிய புதியவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சப்பாத்தோடு கூடத்துக்கு வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு காப்பியை நினைத்தார். பக்கத்து அறைக்காரனிடம் உப்பு வாங்க டெர்மின் கேட்டார். தயிர் மூடியை உல்ரிக்கேயைவிட நன்றாகக் கிழித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஜனவரி வரை. ஜனவரியில் ஒருநாள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார், ஊரில் அம்மாவோடு போனில் ஜெபிக்கும்போதுகூட இப்போது சத்தம் வரமாட்டேன் என்கிறது, அம்மா 'உடம்பு சரியில்லையாப்பா' என்று கேட்கிறார் என்று.

இரண்டு நாள் கழித்துச் சலவை அறையில் உல்ரிக்கே என்னை மறித்தாள். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டதாம். சுற்றிலும் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காலையில் இப்போதெல்லாம் தன் பெயர் வருவதில்லையே என்றாள். நீதானே அனுமதி கேட்கச் சொன்னாய் என்றேன். "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவே இல்லையே." அப்படியென்றால் நீயே போய்க் கேளேன் என்றேன். அவள் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "எப்படிக் கேட்பேன்? நான் சபை ஊழியம் படிக்கிறவள்."

கை தூக்கும் நாள்

பெப்ரவரிக் கூட்டத்துக்குக் கூப்பிடப் போனபோது செல்வினின் பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலில் கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்றார். கூட்டத்தில் பாஸ்டர், செல்வின் விஷயத்தில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். உல்ரிக்கே எழுந்தாள். "உண்டு. அவர் எல்லா விதியையும் கடைப்பிடிக்கிறார், ஜெபிப்பதே இல்லை. இது திருச்சபை விடுதி" என்றாள்.

அதன் பிறகு நடந்தது சுத்தமான ஜெர்மன் விவாதம். சத்தமாக ஜெபிக்கலாமா, எந்த அறையில், எந்த நேரத்தில், கதவு மூடியா திறந்தா. பரீட்சைக்கான ஜெபம் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் செல்லுமா என்று திலோ கேட்டான். கடைசியில் முடிவானது: சலவை அறை, வியாழன் பிற்பகல், கதவு மூடி, முன்கூட்டியே டெர்மின் வாங்கியவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு செல்வினுக்காகக் கை தூக்கச் சொன்னார்கள், ஒரு கைகூடக் கீழே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் மறைக்கவும் இல்லை.

முதல் டெர்மின் உல்ரிக்கேயுடையது. சலவை இயந்திரம் சுற்றுகிற சத்தத்தையும் மீறி ஸ்தோத்திரம் மேல்மாடி வரை கேட்டது. வெளியே வந்த செல்வினிடம் எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். தொண்டை கட்டியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. "எங்க ஊர்ல பிஷப்பைக்கூட நேரா போய் பாத்திரலாம் சிஸ்டர். எனக்கு ஈஸ்டர் வரைக்கும் வியாழக்கிழமை எல்லாம் ஃபுல்."

கடவுள் உண்டா இல்லையா என்று அந்த வீட்டில் கடைசிவரை யாரும் ஒரு முடிவுக்கு வரவில்லை, ஆனால் அவருக்கென்று வாங்கிய டெர்மினை ஒருவரும் தவறவிடவில்லை.