கையிருப்பில் ஒரு குரல்

உலகம்மை அக்கா எதையும் முழுதாகத் தீர்க்கமாட்டாள். பதினான்கு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். புதுச் சீனி வந்த பிறகுதான் அவள் வீட்டில் பழைய டப்பா காலியாகும். நாங்கள் வற்றல் மிளகாய்க் காம்பு கிள்ளும் ஆரியசாலைக் கடையிலும் அதே வழக்கம்தான். அடுத்த லோடு இறங்காமல் முதலாளி ஆறுமுகநயினார் கடைசி மூட்டையைக் கொடுக்கமாட்டார்.

அக்காவின் ஒரே மகன் உமாசங்கர் பட்டாளத்தில் இருக்கிறான். ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு லெபனானுக்குப் போனான். போன வேகத்தில் அங்கே சண்டை மூண்டது. நேரே பேச வாய்க்காது. வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்புவான். அக்கா அதையும் சீனிபோலத்தான் வைத்தாள். புதியது வந்தால்தான் முந்தியதைக் கேட்பாள்.

"எம்மா, முந்தாநேத்து கேட்டதுக்கு இன்னைக்கு பதில் சொல்லுதியே, அங்கயும் சிக்னல் மோசமா?" என்று ஒருமுறை அவனே கேட்டான். அதையும் அவள் இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டாள்.

ஐப்பசியில் குரல் வருவது நின்றது. அக்கா அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு கிடந்தன. சாயாக்கடை டிவியில், அமைதிப்படை முகாம் பக்கம் குண்டு விழுந்ததாகச் சொன்னார்கள். அக்கா சோற்றைப் பிசைந்து பிசைந்து மூடி வைத்தாள்.

"வீட்டுக்குப் போயி கெடம்மா," என்றார் முதலாளி.

"வீட்டுல போயி சுவரப் பாக்கவா?" என்றாள்.

ஒன்பதாம் நாள், வாயைத் திறக்கவே கூசுகிற நான் கேட்டுவிட்டேன்: "அக்கா, கேக்காத ஒண்ணு இருக்கே. அத கேளுங்க."

"அதயும் கேட்டுட்டா எங்கையில என்னட்டி இருக்கும்?"

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் காம்பு கிள்ளினோம். பிறகு போனை என் மடியில் போட்டாள். "நீ கேளு. நல்லதுன்னா மட்டும் சொல்லு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தேன். உமாசங்கர் அவசரமாகப் பேசினான். "எம்மா, நாளைலேர்ந்து எல்லாரும் பங்கருக்குள்ள. பத்து நாள் போன் கிடையாது. பேடிக்கண்டாம், பயப்படாத, கேட்டியா? டிவி பாக்காத."

நான் போனை அவள் காதில் வைத்து மறுபடி ஓட்டினேன். முதலில் முறைத்தாள். "சண்டாளப் பய, இத ஆதியிலயே சொல்லப்பிடாதா?" என்றாள். யார் தப்பு என்று அவளுக்கே உறைத்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்து, அதற்கும் சேர்த்து அழுதாள். முதலாளி எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். "பத்து நாள்னு சொன்னத கேட்டியாம்மா?"

"அன்னைக்கே கேட்டேன் மக்களே. எனக்கென்ன பேடி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உமாசங்கர் போன சித்திரையில் நல்லபடியாகத் திரும்பினான். இப்போது பதான்கோட்டில் இருக்கிறான். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான், அக்கா நேரே பேசுகிறாள்.